குறைந்த ஆபத்து

நீதிபதி "முதல் நிலை" என்று சொன்னதும் வெர்னா பிலாஸ்கி கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். நீதிமன்றத்தில் அவள் வரிசையில் வேறு யாரும் இல்லை. முன்னால் அவள் தம்பி டுவேன், கடன் வாங்கிய கோட்டில், தலை குனிந்து நின்றிருந்தான்.

அது தண்டனைக்கான விசாரணை அல்ல. தண்டனை ஏற்கெனவே முடிவாகிவிட்டது. மாவட்ட ஜெயிலில் ஆறு மாதம், அதன்பின் பத்து வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு. டுவேன் பக்கத்து ஊரில் ஒரு பெண்ணோடு குடியிருந்தபோது அவளுடைய எட்டு வயது மகளிடம் நடக்கக் கூடாத விதத்தில் நடந்துகொண்டான். ஒப்புக்கொண்டான். இன்றைய விசாரணை வேறு ஒரு கேள்விக்கு. வெளியே விட்டால் இவன் மறுபடியும் அதையே செய்ய எவ்வளவு வாய்ப்பு? அதைப் புள்ளி போட்டு எண்ணினார்கள். ஆயுதம் காட்டினானா? இல்லை. பழைய வழக்கு உண்டா? இல்லை. குடிப்பானா? இல்லை. ஒழுங்காகத் தங்க இடம் உண்டா? உண்டு, அக்கா வீடு. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் "இல்லை" என்று பதில் வந்திருந்தால் அவன் இரண்டாம் நிலைக்குப் போயிருப்பான் என்று அவனுடைய வக்கீல் பிறகு சொன்னார். இரண்டாம் நிலை என்றால் படமும் முகவரியும் இணையத்தில் வரும். எல்ஸ்வில் மாதிரிச் சின்ன ஊரில் அப்புறம் கடையில் பால்கூட வாங்க முடியாது. முதல் நிலை என்றால் போலீசுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது.

வெளி நடையில் நன்னடத்தை அதிகாரி ரெனாட்டா ஒசோரியோ காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். குட்டையான உருவம், இடுப்பில் துப்பாக்கி, காலில் பனிக்கட்டி உருகிக்கொண்டிருந்த பூட்ஸ்.

"முதல் நிலைன்னா குறைஞ்ச ஆபத்து. அப்ப பயப்பட ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம்?" என்று வெர்னா கேட்டாள்.

"இல்லங்க. உங்க தம்பி மாதிரி நூறு பேர எடுத்துக்கிட்டா, கொஞ்சப் பேர்தான் மறுபடி பண்ணுவாங்கன்னு அர்த்தம். அந்தக் கொஞ்சப் பேர்ல இவரும் ஒருத்தரான்னு அந்தப் புள்ளிக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாது. அதனாலதான் வீட்டுக்கு வந்து வந்து பாக்குறோம்." ஒசோரியோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வெர்னாவின் முகத்தைப் பார்த்தாள். "அவரு கூட இருக்கப் போறது நீங்க. நான் மாசத்துக்கு ஒரு தடவை வருவேன். நீங்க தினம் பாப்பீங்க. ஏதாவது சரியில்லன்னு பட்டா கூப்பிடுங்க. சந்தேகம்தான்னாலும் கூப்பிடுங்க."

வெர்னா தலையாட்டினாள். காரில் ஏறும்போது அவளுக்கு ஞாபகம் இருந்தது "குறைந்த ஆபத்து" என்ற இரண்டு வார்த்தை மட்டும்தான். கேட்க விரும்பியது அவள் காதில் விழுந்துவிட்டது.

டுவேன் வீட்டுக்கு வந்தான். பதினெட்டு வயதுக்குக் குறைந்த யாரோடும் பேசக் கூடாது. பள்ளிக்கூடம், விளையாட்டுத் திடல் பக்கம் போகக் கூடாது. இணையம் இல்லாத பழைய செல்போன். வியாழக்கிழமைதோறும் சிகிச்சைக் குழு. யாரும் புதிதாக வீட்டுக்கு வந்தாலும், பக்கத்தில் குடி வந்தாலும் அதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். ஒசோரியோ சொல்லாமல் கொள்ளாமல் வருவாள். அலமாரியைத் திறப்பாள், மெத்தையைத் தூக்குவாள், ஃப்ரிட்ஜையும் விடமாட்டாள்.

"அங்க என்ன தேடுறீங்க, மிஸ் ஒசோரியோ? இருக்கறது நேத்து வச்ச பீன்ஸ்தான்," என்பான் டுவேன்.

"பீன்ஸ இப்படித் திறந்து வைக்காதீங்க. அதுவே ஒரு குத்தம்," என்பாள் அவள். மூவரும் சிரிப்பார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுதும் அவன் நல்லவனாகவே இருந்தான். வெர்னா எழுவதற்கு முன் வாசல் பனியை வழித்துத் தள்ளிவிடுவான். முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் ஈரத் துணி தூக்கிவிட்டு அவள் வரும்போது அடுப்பில் சூப் இருக்கும். பதினைந்து வருடத்துக்கு முன் புருஷன் போனபின் அவளுக்காக யாரும் சூப் வைத்ததில்லை.

அவளுடைய மகள் கோரின் மட்டும் வரவில்லை. கோரினுக்கு நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை.

"மாமா இருக்கற வீட்டுக்கு நான் வரமாட்டேம்மா. நீ வேணும்னா இங்க வா."

"முதல் நிலைடி. நீதிபதியே சொல்லிட்டாரு."

"எந்த நிலையா இருந்தா எனக்கென்ன? அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லு, உனக்கு நடந்தது முதல் நிலைதான்னு."

வெர்னா போனை வைத்துவிட்டாள். மகளுக்கு நெஞ்சில் ஈரமே இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

ஏப்ரலில் ஒசோரியோ முழங்கால் அறுவைக்காக விடுப்பில் போனாள். அவள் இடத்தில் வந்தவருக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. குறைந்த ஆபத்து என்று எழுதப்பட்டவர்களிடம் போனிலேயே விசாரித்துக்கொண்டார். அதே மாதம் இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த பக்கத்து வீட்டுக்கு டெசா வந்தாள். நெடுஞ்சாலை ஓரத்து உணவகத்தில் பரிமாறுகிறவள். முப்பதைத் தொடாத வயது, சத்தமான சிரிப்பு. பழைய காரில் மூட்டை முடிச்சுகளோடு அவளுடைய மகள் ஜூனியும் இறங்கினாள். ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.

வெர்னா சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். அன்று சாயங்காலமே தம்பியிடம் கேட்டாள்.

"பக்கத்துல குழந்தை வந்திருக்கு. ஆபீசுக்குச் சொல்லணுமே."

"காலைலயே சொல்லிட்டேன், வெர்ன். வேலிக்கு இந்தப் பக்கமே இருங்கன்னாங்க. அவ்வளவுதான்."

அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னான். கத்தி நிற்கவில்லை, குரல் மாறவில்லை. அவள் நம்பினாள்.

ஆனாலும் டெசாவிடம் சொல்வதா வேண்டாமா என்று பல நாள் உழன்றாள். சொன்னால் இரண்டே நாளில் ஊர் முழுக்கத் தெரியும். யாராவது ஜன்னலில் கல்லெறிவார்கள். டுவேனுக்குப் போக்கிடம் இல்லாமல் போகும். நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் விடுதியில் கிடப்பான், ஆபத்து இன்னும் கூடும். சொல்லாவிட்டால்? அந்தக் கேள்வியின் வாசலோடு அவள் திரும்பிவிடுவாள். அதிகாரிக்குத் தெரியும், கண்காணிக்கிறார்கள், பார்த்துக்கொள்வார்கள். இப்படி நினைத்துக்கொண்டால் தூக்கம் வந்தது.

மே மாதத்தில் டுவேன் சமையலறை நாற்காலியை இடம் மாற்றிப் போட்டான். வெளிச்சம் அங்கேதான் நன்றாக வருகிறது என்றான். அங்கே உட்கார்ந்தால் டெசா வீட்டுக் கொல்லை தெரியும்.

அப்புறம் கொட்டகையில் ஒரு சைக்கிளைக் கண்டாள். பழசு. அவன் உரசி, ஊதா வண்ணம் பூசிக்கொண்டிருந்தான். சின்ன சைக்கிள்.

"இது யாருக்கு?"

"குப்பைல கெடந்துச்சு. சரி பண்ணி வித்துடலாம்னு."

"டுவேன்."

"என்ன?"

"இது சரியா படல எனக்கு."

அவன் தூரிகையை டப்பாவின் விளிம்பில் நிதானமாக வழித்து வைத்தான். கோபப்படவில்லை. வருத்தப்பட்டவன்போல அவளைப் பார்த்தான்.

"நீயுமா? ஊர்ல எல்லாரும் பாக்கற மாதிரி நீயும் பாக்க ஆரம்பிச்சிட்டியா? நான் முதல் நிலை, வெர்ன். அதுக்குன்னு படிச்சவங்க எண்ணிப் பாத்து சொன்னது. அவங்கள விட உனக்கு அதிகமா தெரியுமா?"

நீதிமன்றத்தில் தான் கட்டிப்பிடித்து அழுத வார்த்தை இப்போது அவன் கையில் கேடயமாக இருந்தது. "உன்கிட்ட இதெல்லாம் கேட்டது தப்பு," என்று அவளே மன்னிப்புக் கேட்டாள். கொட்டகையிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது முதுகில் அவன் பார்வை இருப்பதாகத் தோன்றியது. திரும்பிப் பார்த்தாள். அவன் சைக்கிளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எதற்காகப் பயந்தோம் என்று அவளுக்கே புரியவில்லை. ஆனால் அதற்குப்பின் குளிக்கும்போது கதவைத் தாழிட ஆரம்பித்தாள்.

ஜூன் கடைசியில், கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடும் நாள். காலையில் வெர்னா காருக்குப் போகும்போது டெசா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையாட்டினாள்.

"வெர்னா! உங்க தம்பிய இன்னும் யாரும் கொத்திக்கிட்டுப் போகலியா? ஊர்ல பொம்பளைங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"என் கார் பேட்டரிய மாத்திக் குடுத்தாரு போன வாரம். காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. ஜூனிக்கு ஒரு சைக்கிள் வேற தர்றேன்னாரு. இன்னிக்குப் பாருங்க, ஸ்கூல் மத்தியானமே விட்ருவான், பாத்துக்கற பொண்ணு ஜுரம்னு படுத்துட்டா. நான் ரெண்டு மணிக்கு டியூட்டிக்குப் போகலன்னா முதலாளி கத்துவான். உங்க தம்பிதான், நீ போ நான் பாத்துக்கறேன்னுட்டாரு. சாமி மாதிரி மனுஷன்."

வெர்னா கார்க் கதவிலிருந்து கையை எடுத்தாள். டுவேனுடைய தண்டனை நாளில், அந்த எட்டு வயதுக் குழந்தையின் தாய் எழுந்து நின்று பேசியது ஞாபகம் வந்தது. அந்தப் பெண் அழவில்லை. "முதல்ல என் காரைத்தான் சரி பண்ணிக் குடுத்தான்," என்றுதான் தொடங்கினாள்.

சொல்ல வாயெடுத்தாள். அப்போது பக்கவாட்டில் தன் வீட்டுச் சமையலறை ஜன்னல் கண்ணில் பட்டது. கண்ணாடிக்குப் பின்னால் டுவேன் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான். அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கோப்பையைச் சற்றே உயர்த்திக் காட்டினான், போய் வா என்பதுபோல.

"நேரமாச்சு," என்று மட்டும் வெர்னா சொன்னாள். காரில் ஏறினாள்.

சலவைக்கூடத்தில் அவள் ஒரே போர்வையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். கூட வேலை செய்யும் ரூபி, "அந்தப் போர்வை உனக்கு என்ன துரோகம் பண்ணிச்சு?" என்று கேட்டாள். வெர்னா போர்வையை மறுபடி விரித்தாள். கூப்பிட்டால் அவனை ஜெயிலுக்கு அனுப்புகிறவள் நான்தான். கூப்பிடாவிட்டால்? இந்த முறை அந்தக் கேள்வியின் வாசலோடு அவளால் திரும்ப முடியவில்லை. கடிகாரம் ஒன்றைத் தாண்டியபோது உலர்த்தும் இயந்திரங்களுக்குப் பின்னால் போய் நின்று ஒசோரியோவின் எண்ணை அழுத்தினாள்.

ஒசோரியோ எடுத்தாள். வேலைக்குத் திரும்பிய முதல் வாரம். காரில் இருந்தாள்.

"மேடம், நான் வெர்னா. சந்தேகம்தான். தப்பா இருந்தாலும் இருக்கும்."

"சொல்லுங்க."

"பக்கத்து வீட்டுக் குழந்தைய இன்னிக்கு டுவேன் பாத்துக்கறதா..."

"எந்தக் குழந்தை?"

"டெசாவோட பொண்ணு. ஏப்ரல்ல குடி வந்தவங்க. டுவேன் உங்க ஆபீசுக்குச் சொல்லியிருக்கான்ல?"

ஒசோரியோ காரை ஓரமாக நிறுத்தும் சத்தம் கேட்டது.

"வெர்னா, நேத்துதான் அவர்கிட்ட பேசினேன். பக்கத்து வீடு இன்னும் காலின்னு சொன்னாரு."

வெங்காயம் நறுக்கிக்கொண்டே டுவேன் சொன்ன குரல் வெர்னாவின் காதில் ஒலித்தது. அந்தக் குரலில் எதுவும் மாறியிருக்கவில்லை. பொய் சொல்லும்போது அவனுக்கு எதுவும் மாறாது.

"நான் மாவட்டத்தோட அந்தக் கோடில இருக்கேன். வர முக்கால் மணி நேரம் ஆகும். ஷெரீஃப் போலீசுக்கு இப்பவே சொல்றேன், யாரையாவது அனுப்புவாங்க. அந்த அம்மா நம்பர் இருக்கா உங்ககிட்ட?"

"இல்ல."

"சரி. நீங்க அங்க போகாதீங்க. தனியா போய் அவரோட மல்லுக்கு நிக்காதீங்க. புரியுதா?"

புரிந்தது. ஆனாலும் இடுப்பில் கட்டிய ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் காரை எடுத்தாள். ரயில் கடக்கும் இடத்தில் தடுப்பு இறங்கியிருந்தது. மரக்கட்டை ஏற்றிய பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்தன. ஸ்டியரிங்கை அடித்து அடித்து அவள் உள்ளங்கை சிவந்தது. சின்ன வயதில் அப்பாவின் பெல்ட்டுக்குப் பயந்து டுவேன் அவள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வான். "அவன் இங்க இல்லப்பா," என்று அவள் சொல்வாள். அடி அவளுக்கு விழும். அவனை ஒளித்து வைப்பது அவளுக்குப் பழகிப்போன வேலை.

தெருவில் திரும்பியபோது டெசாவின் கார் இல்லை. ஷெரீஃப் வண்டியும் இல்லை. டெசா வீட்டு முற்றத்தில் ஊதா சைக்கிள் புல்லில் சாய்ந்து கிடந்தது. ஜன்னல் திரைகள் இழுத்து மூடியிருந்தன.

கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. கைமுட்டியால் குத்தினாள்.

தாழ் விலகும் சத்தம். டுவேன் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, உடம்பால் இடைவெளியை அடைத்துக்கொண்டு நின்றான். புதிதாகச் சவரம் செய்திருந்தான்.

"வெர்ன்? வேலைக்குப் போகல?"

"உடம்பு சரியில்ல. உள்ள விடு."

"உன் வீடு அது," என்று கையைக் காட்டினான். சிரித்தான்.

அவள் அவனைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். அதற்கு முன் வாழ்க்கையில் அவனைத் தள்ளியதே இல்லை. கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஜூனி சோபாவில் கால் மேல் கால் போட்டு, மடியில் தட்டோடு, சீஸ் ரொட்டியின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிப் பை இன்னும் தோளில் இருந்தது. அதைப் பார்த்ததும் வெர்னாவுக்கு மூச்சு வந்தது. இப்போதுதான் வந்திருக்கிறாள். இப்போதுதான்.

"ஜூனி, ஷூ போட்டுக்கோ. என்னோட வா, கடைக்குப் போலாம்."

"இல்ல, ஜூனி. சாப்பிட்டு முடி," என்றான் டுவேன். "அம்மா என்கிட்டதானே இருக்கச் சொன்னாங்க?"

குழந்தை ஒருவர் மாற்றி ஒருவரைப் பார்த்தது. மெல்லுவதை நிறுத்தியது. டுவேன் வாசலுக்குக் குறுக்கே போய் நின்றான்.

வெர்னா சோபாவில் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜூனியைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"சரி. நானும் இங்கேயே இருக்கேன். என்ன படம் ஓடுது, கண்ணு?"

"பூனைப் படம்," என்றாள் ஜூனி.

"நானும் பாக்குறேன்."

டுவேன் அருகில் வந்து குனிந்தான். குரல் மிருதுவாகவே இருந்தது. அவளுக்குச் சூப் வேண்டுமா என்று கேட்கும் அதே குரல்.

"யாருக்காவது போன் பண்ணினியா?"

அவள் டிவியையே பார்த்தாள்.

"வெர்ன். பண்ணினியா?"

"பூனை அழகா இருக்கு," என்றாள் வெர்னா. தன் குரல் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் ஒண்ணும் பண்ணல. ரொட்டி சுட்டுக் குடுத்தேன், அவ்வளவுதான். இதுக்குப் போய் என்ன உள்ள தள்ளுவியா? நாலு வருஷம் போடுவான். அங்க என்ன மாதிரி ஆளுங்கள என்ன செய்வாங்கன்னு தெரியுமா உனக்கு? அம்மா சாகும்போது உன் கையப் புடிச்சு என்ன சொன்னாங்க?"

அவன் கை சோபாவின் முதுகில், அவள் கழுத்துக்குப் பின்னால் இருந்தது. தொடவில்லை. அவன் மூச்சு காதில் பட்டது. இந்தக் கை என்ன செய்யும் என்று தனக்குத் தெரியாது என்பதை வெர்னா அப்போதுதான் முழுதாக உணர்ந்தாள். நாற்பத்தாறு வருடமாகத் தெரிந்தவன். எதுவுமே தெரியாது.

"நீங்க ஏன் நடுங்குறீங்க?" என்று ஜூனி கேட்டாள்.

"குளிருது, கண்ணு."

வெளியே சரளைக் கல்லைச் சக்கரம் நொறுக்கும் சத்தம் கேட்டது. டுவேன் நிமிர்ந்து திரையை விலக்கிப் பார்த்தான். பிறகு வெர்னாவைப் பார்த்தான். அந்த முகத்தில் கோபம்கூட இல்லை. இனி அவளால் ஒரு உபயோகமும் இல்லை என்று கணக்குப் போட்டு முடித்த முகம். அந்த முகத்தைத்தான் அவள் பின்னால் பல நாள் கனவில் கண்டாள்.

இரண்டு காவலர்கள் வந்தார்கள். டுவேன் கையை நீட்டினான், வம்பு செய்யவில்லை. "சின்னக் குழப்பம், ஆபீசர்," என்றான். ஒசோரியோ நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தபோது அவன் வண்டியின் பின் இருக்கையில் இருந்தான். சற்று நேரத்தில் டெசாவின் கார் புல் மேலேயே ஏறி நின்றது. உணவகத்துக்குப் போன் போயிருந்தது. அவள் ஓடி வந்து மகளைத் தூக்கிக்கொண்டாள். ஒசோரியோ தணிந்த குரலில் நான்கைந்து வாக்கியம் சொன்னாள். டெசா முழுதும் கேட்டுக்கொண்டாள். பிறகு வெர்னாவிடம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா இது?"

"டெசா, நான்தான் போன்..."

"தெரியுமான்னு கேக்குறேன். ஏப்ரல்லேருந்து இந்த வேலிகிட்ட நின்னு எங்கூடப் பேசுனீங்களே. இன்னிக்குக் காலைலகூட. தெரிஞ்சுதான் பேசுனீங்களா?"

"தெரியும்," என்றாள் வெர்னா.

டெசா அவளை அடிப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒசோரியோகூட ஒரு எட்டு முன்னால் வைத்தாள். டெசா அடிக்கவில்லை. மகளின் முகத்தைத் தன் தோளில் புதைத்து, வெர்னா அவளைப் பார்க்க முடியாதபடி திரும்பிக்கொண்டாள்.

அதற்கடுத்த நாட்கள்தான் எல்லாவற்றையும்விட மோசம். ஜூனியைக் குழந்தைகளோடு பேசப் பயிற்சி பெற்றவர்களிடம் அழைத்துப் போனார்கள். அன்றைக்கு ஒன்றும் நடக்க நேரமில்லை. ஆனால் அதற்கு முன்? வெர்னா வேலையில் இருந்த அத்தனை நாளும்? யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அவள் சமையலறை நாற்காலியை வெளியே தூக்கிப் போட்டாள். சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் ஜூனி சிரிக்கிறாளா என்று காது கொடுத்துக் கேட்டபடி இருந்தாள். சிரிப்புச் சத்தம் வரவில்லை. வராததற்கு என்ன அர்த்தம் என்று இரவெல்லாம் யோசித்தாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. டெசா. உள்ளே வரவில்லை, வலைக்கதவைத் திறக்கவும் விடவில்லை.

"ஒண்ணும் நடக்கல. வேலிகிட்ட வந்து வந்து பேசியிருக்கான். அம்மாகிட்ட சொல்லாதன்னு மிட்டாய் குடுத்திருக்கான். அவ்வளவுதான்." நிறுத்தினாள். "நீங்க சாப்பிடாம கெடக்குறீங்கன்னு உங்க பொண்ணு நான் வேல செய்யற எடத்துக்கு வந்து சொன்னா. அதுக்காக வந்து சொன்னேன். வேற எதுக்கும் இல்ல."

போய்விட்டாள். வெர்னா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

நன்னடத்தைக் கண்காணிப்பு ரத்தானது. செப்டம்பரில் டுவேனை மாநிலச் சிறைக்கு அனுப்பினார்கள். அரசு வக்கீல் அவனை மேல்நிலைக்கு மாற்றக் கேட்டு மனுப் போட்டார். மறுபடியும் அதே நீதிமன்றம், அதே கேள்விகள். இந்தத் தடவை வெர்னாவைச் சாட்சிக்கு அழைத்தார்கள். நாற்காலியைப் பற்றி, சைக்கிளைப் பற்றி, வெங்காயம் நறுக்கிய நாளைப் பற்றிச் சொன்னாள். டுவேனின் வக்கீல் எழுந்தார்.

"உங்க தம்பி அந்தக் குழந்தைய ஒரு தடவையாவது தொட்டதப் பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப எதுக்குப் பயந்தீங்க?"

"தொடறத நான் பாக்கற நாள் வர்ற வரைக்கும் காத்திருக்கச் சொல்றீங்களா?" என்றாள் வெர்னா.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். டுவேன் மூன்றாம் நிலைக்கு, ஆபத்து மிக அதிகம் என்ற நிலைக்கு, போனான். அந்தச் சொல்லைக் கேட்டபோது அவளுக்கு அழுகை வரவில்லை. அவன் முதல் நிலையில் இருந்தபோதும் இதே டுவேன்தான் என்று தோன்றியது.

கோரின் குழந்தையோடு வர ஆரம்பித்தாள். வந்தால் முதலில் வீட்டு அறைகளை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள். அவள் அப்படிச் செய்வதை வெர்னா கண்டுகொள்ளாததுபோல இருப்பாள். டெசா அந்த வருடமே வேறு ஊருக்குப் போனாள்.

இது நடந்து மூன்று வருடம் கழித்து ஒசோரியோ ஒரு நாள் மத்தியானம் வந்தாள். கையில் கோப்பு எதுவும் இல்லை, இடுப்பில் துப்பாக்கி மட்டும். சமையலறையில் உட்கார்ந்து காப்பியைக் குடித்தாள்.

"வசந்தத்துல வெளிய வர்றாரு. முகவரி கேட்டாங்க. உங்க வீட்டத்தான் குடுத்திருக்காரு."

வெர்னாவின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது. "முடியாது."

"சரி."

"நான் முடியாதுன்னு சொல்லலாம்ல?"

"தாராளமா சொல்லலாம். உங்க வீடு."

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் புல் வெட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப அவன் எங்க போவான்?" என்று வெர்னா கேட்டாள்.

"இப்பத்திக்குத் தெரியாது. மோட்டலோ, தங்குமிடமோ, ஏதோ ஒண்ணு பாக்கணும். மூணாம் நிலைன்னதால அக்கம்பக்கத்துக்கு முன்கூட்டியே சொல்லுவோம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது நேர்ல போவோம்."

"நடுவுல இருக்கற நாள்?"

ஒசோரியோ கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண் அவள். எழுந்து, நொண்டும் காலை ஊன்றி, வெர்னாவின் தோளை ஒரு தரம் அழுத்திவிட்டு வாசலைப் பார்க்க நடந்தாள். அவள் கார் கிளம்பிப் போனபின்னும் வெர்னா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எந்த ஊரில், எந்த மோட்டலில், எந்தக் குழந்தை இருக்கும் அறைக்குப் பக்கத்து அறையில் என்று நினைத்துக்கொண்டு. பிறகு எழுந்து, பட்டப்பகலில், முன்கதவைப் பூட்டினாள்.